கணக்கு என்றாலே ஓடும் பிள்ளைக்கு டியூஷன் எடுக்கப் போகிறீர்களா?

கல்லூரியில் படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்றோ, பக்கத்து வீட்டு அக்கா கேட்டதை மறுக்க முடியாமலோ, பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நேரத்திலோ பலர் டியூஷன் எடுக்கத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்குபவருக்கு வாய்க்கும் முதல் மாணவர் பெரும்பாலும் கணக்கில் திணறும் பிள்ளைதான். நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் புது ஆளிடம் அனுப்பிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் படிக்கும், கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும் ஒரு பிள்ளைக்கு முதல்முறையாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கையைப் பேசி வரவழைக்க முடியாது. "உன்னால முடியும்" என்று தினமும் சொல்லலாம். பிள்ளை தன் கையால் ஒரு கணக்கைப் போட்டு, விடை சரியாக வந்ததைப் பார்க்கிற வரைக்கும் அதை நம்பாது. எனவே அந்தப் பிள்ளையால் சரியாகப் போட முடிகிற இடம் எது என்று கண்டுபிடித்து, அதுவரை இறங்கிப் போய், அங்கிருந்து கூடவே ஏறி வர வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார்ந்து நான்காம் வகுப்புக் கழித்தலைப் போடுவதற்குச் சலிப்படையாத மனசு வேண்டும். பொறுமை என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள், பிள்ளை ஊருக்குப் போய்விட்டால் அந்த வகுப்பு என்னாகும் என்பதையெல்லாம் பெற்றோரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று காசைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் மனக்கசப்போடு நிறுத்தியவர்கள் ஏராளம். பள்ளியில் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கு இந்தப் பேச்சே எழாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

மார்க்குக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். "அரையாண்டுல எண்பது வந்துடும்ல?" என்று கேட்பார்கள். "முதல் ஒரு மாசம் பழைய பாடத்துலதாங்க இருப்போம். மார்க் உடனே ஏறாது. ஆனா அவனா உக்காந்து கணக்குப் போடுறானான்னு நீங்களே பாக்கலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகிற பெற்றோரும் உண்டு. போகட்டும், அது இருவருக்குமே நல்லது.

இன்னொரு வசனமும் வரும். "நல்லா அடிச்சுச் சொல்லிக் குடுங்க, கண்ணை மட்டும் விட்டுடுங்க." பாதி வேடிக்கையாகவும் பாதி நிஜமாகவும் சொல்வது. பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். சிரித்து மழுப்பாதீர்கள். அந்த இடத்திலேயே, பிள்ளை காதில் விழும்படி, "நான் அடிக்க மாட்டேங்க. பயந்துட்டா கணக்கு வராது" என்று சொல்லிவிடுங்கள். உங்களை நம்பலாமா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை முக்கால்வாசி அங்கேயே முடிவு செய்துவிடும்.

நாலு பேர் நடமாடும் கூடத்திலோ திண்ணையிலோ உட்காருங்கள். மூடிய அறை வேண்டாம். டிவி ஓடக் கூடாது. தகவல் அனுப்புவதெல்லாம் அம்மா அல்லது அப்பாவின் வாட்ஸ்அப்புக்குத்தான். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. தொடக்கத்தில் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு போதும். வெவ்வேறு வகுப்பில் படிக்கும் ஆறேழு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் ஹோம்ஒர்க்கை மேற்பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதல் நாள்

எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை போல் இருக்கும். பிள்ளை எழுதுவதும் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது, எந்தப் பாடம் பிடிக்கும், பக்கத்தில் யார் உட்காருவார் என்று கொஞ்சம் பேசுங்கள். அப்புறம் நோட்டுகளைப் பாருங்கள். கணக்கு நோட்டு அழகாக, பக்கத்துக்குப் பக்கம் டிக் விழுந்து இருக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதியது அது. ரஃப் நோட்டைக் கேளுங்கள். பிள்ளை தானாகப் போட்டுப் பார்த்து, அடித்து, பாதியில் விட்ட கணக்கெல்லாம் அதில்தான் கிடக்கும்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

"கணக்கே வராது" என்று எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு பாடத்தில் பிடி நழுவியிருக்கும். அதன்மேல் கட்டியது எதுவும் நிற்காமல் போயிருக்கும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்திவைப்பதில்லை. அந்த ஏற்பாடு சரியானது என்பதே என் எண்ணம். ஆனால் நான்காம் வகுப்பில் நழுவியது ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரியும் என்பதும் உண்மை. கொரோனா காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அப்போது நான்கிலும் ஐந்திலும் இருந்த பிள்ளைகளுக்கு வகுத்தலும் பின்னமும் பழக வேண்டிய வயதில் வகுப்பறையே இல்லை. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று இன்று சொல்வது நியாயமில்லை.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் பத்துப் பன்னிரண்டு கணக்குகளை எழுதுங்கள். நான்காம் வகுப்புப் புத்தகத்தைப் பிள்ளைக்கு முன்னால் விரித்துவிடாதீர்கள். அட்டையைப் பார்த்ததுமே கூனிக் குறுகிப் போகும். பழைய வகுப்புப் புத்தகங்களெல்லாம் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் தனியாகப் பார்த்துக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மாதிரி:

503 − 267
4208 ÷ 4
1/2 + 1/3
0.5, 0.35 இரண்டில் எது பெரியது?
−7 + 3
−3 − 5
3x + 5 = 20 என்றால் x எவ்வளவு?

"இது டெஸ்ட் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்" என்று சொல்லிக் கொடுங்கள். தெரியாததை விட்டுவிடலாம் என்றும் சொல்லுங்கள். மார்க் போடாதீர்கள், சிவப்புப் பேனாவைத் தொடவே வேண்டாம். முடித்ததும் சரியோ தப்போ ஒவ்வொன்றுக்கும் "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேளுங்கள். தப்பாகப் போட்டதற்கு மட்டும் இப்படிக் கேட்டால், "எப்படிப் போட்ட" என்றாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு அழிரப்பரை எடுத்துவிடும்.

வரும் விடைகளில் பெரும்பாலானவை கண்ணை மூடிக்கொண்டு போட்டவையாக இருக்காது. ஒவ்வொரு தப்புக்குள்ளும் பிள்ளை நம்புகிற ஒரு விதி இருக்கும். முதல் கணக்குக்கு 364 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்று பொருள். 3இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 3ஐக் கழித்துவிட்டது. கடன் வாங்குவது பிடிபடவில்லை, அதுவும் நடுவில் பூஜ்யம் வந்தால் சுத்தமாகப் பிடிபடவில்லை. இரண்டாவதுக்கு 152 என்று வந்தால், 2ஐ 4ஆல் வகுக்க முடியாதபோது மேலே பூஜ்யம் போட வேண்டும் என்பது தெரியவில்லை. 1/2 + 1/3 = 2/5 என்பது மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டியது. 0.35தான் பெரியது என்றால், 35 என்பது 5ஐவிடப் பெரியது என்று முழு எண்ணாகவே படிக்கிறது. −3 − 5க்கு 8 என்று எழுதினால், "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்று எங்கேயோ மனப்பாடம் செய்தது பெருக்கலுக்கானது என்பது தெரியாமல் எல்லா இடத்திலும் போடுகிறது. இது ரொம்பச் சாதாரணமாகப் பார்க்கிற தப்பு. அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதத்தை எத்தனை தடவை நடத்தினாலும் விடை தப்பாகத்தான் வரும். இயற்கணிதம் புரிந்தே இருந்தாலும்கூட.

ஓட்டைகளெல்லாம் தெரிந்துவிட்டன என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் அடைக்கக் கிளம்ப வேண்டாம். பள்ளியில் இப்போது நடக்கும் பாடத்துக்கு எது அவசரமாக வேண்டும் என்று பார்த்து, ஒன்றை, கூடிப்போனால் இரண்டை எடுங்கள். ஒருபடிச் சமன்பாடு நடக்கிறது என்றால் முதலில் குறை எண்கள். பின்னம் அடுத்த மாதம் வரட்டும்.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளை நிறைய. "முதல்ல பதினாறு வரைக்கும் ஒப்பிச்சிட்டு வா, அப்புறம் கணக்கு" என்று தொடங்கினால் மாதக்கணக்கில் கணக்குக்கே போக மாட்டீர்கள். ஒரு வாய்ப்பாட்டுத் தாளைப் பக்கத்தில் வையுங்கள், பார்த்துப் போடட்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். 7 × 4 = 28 என்று தெரிந்தால் 7 × 8 அதில் இரண்டு மடங்கு, 56. பார்த்துப் பார்த்தே பாதி மனதில் ஏறிவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள் பழைய ஆட்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தை ஓட்டுவது

முதல் பத்து நிமிடம் பழைய கணக்குகள்: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. நோட்டைப் பார்க்காமல் போட வேண்டும். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துப் போடுவதால்தான் மனதில் நிற்கிறது. ஒரே நாளில் முப்பது கணக்குப் போட்டது வாரம் திரும்பினால் காணாமல் போய்விடும்.

அப்புறம் புதியது. ஒரு கணக்கை நீங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போடுங்கள். "கீழே ரெண்டும் மூணும் இருக்கு. வேற வேற சைஸ் துண்டு. இதை அப்படியே கூட்ட முடியாது. ரெண்டையும் ஒரே சைஸா வெட்டணும்…" என்று உங்கள் தலைக்குள் ஓடுவதை வெளியே கொண்டுவாருங்கள். அடுத்த கணக்கில் பாதிப் படிகளை எழுதி, மீதியை விட்டுவிடுங்கள்; பிள்ளை நிரப்பட்டும். மூன்றாவதை முழுக்கப் பிள்ளையே போட வேண்டும். நடுப்படியைத் தாண்டிக் குதித்து, ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு உடனே "இப்ப நீ போடு" என்பதில்தான் பல வகுப்புகள் சறுக்குகின்றன.

பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். தடுமாறும்போது நம் கை தானாக நீண்டு பென்சிலை வாங்கிவிடும். வாங்கினால் அந்தக் கணக்கு உங்களுடையதாகிவிடும். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் தாளில், உங்கள் பேனாவில், வேறு எண்களை வைத்துக் காட்டுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பிள்ளையால் நிச்சயம் போட முடிகிற ஒரு கணக்கை வைத்திருங்கள். திணறிய கணக்கோடு நோட்டை மூடிவிட்டுப் போனால் மறுநாள் வயிற்றுவலி வரும்.

ஹோம்ஒர்க் இந்த ஒரு மணி நேரத்தை அப்படியே விழுங்கப் பார்க்கும். பிள்ளைக்கும் அதுதான் வேண்டும், அம்மாவுக்கும் அதுதான் வேண்டும், மறுநாள் மிஸ் திட்டுவார் என்ற பயமும் நிஜம்தான். முழுக்க மறுக்கவும் முடியாது. ஒரு மணி நேரம் என்றால் இருபது நிமிடம் அதற்கு, மீதி நம் பாடத்துக்கு என்று பெற்றோரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடையை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்ளும் டியூஷன் பள்ளி நோட்டை மட்டும்தான் காப்பாற்றும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் விளக்குங்கள். ஆனால் நியூமரேட்டர், டினாமினேட்டர், ஃபேக்டர் போன்ற சொற்களைப் பள்ளியில் சொல்வது போலவே சொல்லுங்கள். தமிழ் வழிப் பிள்ளைக்குத் தொகுதி, பகுதி, காரணி என்றே சொல்லுங்கள். நீங்கள் படித்த வழி வேறாக இருந்தால் முன்தினமே அந்த வகுப்புப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிவிடுவது நல்லது. வாக்கியக் கணக்கில் மட்டும் திணறும் பிள்ளையிடம் கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். சில சமயம் பிரச்சினை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கும். அப்படியென்றால் தினமும் கேள்வியைப் படித்து, "என்ன குடுத்திருக்காங்க, என்ன கேக்குறாங்க" என்று தன் வார்த்தையில் சொல்ல வைப்பதே தனிப் பயிற்சி.

வாயை மூடிக்கொண்டிருப்பது

கேள்வி கேட்டதும் மௌனம் வந்தால் புது ஆளுக்கு அது தாங்காது. உடனே குறிப்புக் கொடுப்போம், கேள்வியை மாற்றிக் கேட்போம், கடைசியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியதுமே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. தெரியாது என்பது குறைந்தது. பயந்த பிள்ளைக்கு மூன்று நொடி போதாது, பத்து கொடுங்கள். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நோட்டைப் பாருங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு மிரட்டல்தான்.

பத்து நொடிக்குப் பிறகும் வரவில்லையா? விடையைச் சொல்லாதீர்கள், கேள்வியைச் சின்னதாக்குங்கள். "அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு" என்பது பெரிய கேள்வி. "அரைத் தோசை இருக்கு. இன்னும் கொஞ்சம் வெச்சா அரையைவிடக் கூடுமா, குறையுமா?" என்பது சின்னக் கேள்வி. கூடும் என்று பிள்ளை சொல்லும். "நீ எழுதின 2/5 அரையைவிடப் பெருசா, சின்னதா?" என்று அடுத்ததைக் கேளுங்கள். இங்கே தன் தப்பைப் பிள்ளையே பிடிக்கும். நீங்கள் "தப்பு" என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். பிறகு ஒரு காகிதப் பட்டையை ஆறு பாகமாக மடித்து, அரைக்கு மூன்று பாகம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகம் என்று எண்ணச் சொல்லுங்கள். 5/6 கண்ணுக்கு முன்னால் நிற்கும். மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுப்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

நாக்கைக் காத்துக்கொள்ள வேண்டிய இடங்கள்

"இது கூடத் தெரியாதா", "போன வாரம்தானே சொன்னேன்", "உன் தங்கச்சி எவ்ளோ நல்லாப் போடுறா" இதெல்லாம் கூடாது என்று யாருக்கும் தெரியும். தெரியாமல் வந்துவிடுவது இன்னொன்று: "இது ஈஸிதான்." ஆறுதலுக்குத்தான் சொல்கிறோம். பிள்ளையின் காதில் விழுவது வேறு மாதிரி. போட்டுவிட்டால், ஈஸியானதைத்தானே போட்டோம், பெருமையில்லை. போட முடியாவிட்டால், ஈஸியானதுகூட நமக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். "இது கொஞ்சம் குழப்பும், மெதுவாப் பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதும் வீண். புரிந்தது என்றுதான் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "இப்ப எனக்குச் சொல்லிக்குடு, நான் ஸ்டூடண்ட்" என்று கேளுங்கள். சின்ன வகுப்பாக இருந்தால் குதூகலமாகி உங்களையே மிரட்டும். அதிலும் தெரிந்துவிடும், பள்ளியில் அதை எப்படி மிரட்டுகிறார்கள் என்று.

பாராட்டிலும் கவனம் வேண்டும். முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சில பிள்ளைகளை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டிவிட்டு, பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுக்கி விழ வைத்தார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள்தான் அதற்குப் பிறகு அதிகம் சோர்ந்துபோனார்கள், சவாலானதைத் தவிர்த்தார்கள். ஒரே ஆய்வை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வெறும் "சூப்பர்", "வெரி குட்" பிள்ளைக்கு எதையும் சொல்லித் தருவதில்லை என்பதை யாரும் பார்க்கலாம். "கடன் வாங்கினதும் மேல இருந்த அஞ்சை நாலா மாத்தின பாரு, போன வாரம் அதைத்தான் விட்டுட்டே இருந்த" என்று எது சரியாக வந்ததோ அதை விரலால் தொட்டுக் காட்டுங்கள். எதற்கும் பொய்யாகப் பாராட்டாதீர்கள். கணக்கில் திணறும் பிள்ளை முகக்குறியைப் படிப்பதில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கும்.

சில நாள் உங்களுக்கே பொறுமை போகும். அது குற்றமில்லை, பசியிலும் களைப்பிலும் வருவது. குரல் உயர்வது தெரிந்ததும் "தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்று எழுந்துவிடுங்கள். பிள்ளையும் பள்ளி விட்டு நேராக வந்திருக்கலாம். ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது எந்தக் கற்பிக்கும் உத்திக்கும் குறைந்ததில்லை.

பத்தாம் வகுப்பு என்றால்

இங்கே கணக்கு மாறும். ஜூனில் வந்தால் மேலே சொன்னபடி அடியிலிருந்து தொடங்கலாம். அரையாண்டு முடிந்து ஜனவரியில் கொண்டுவந்து விட்டால் பாஸ் பண்ண வைப்பதுதான் முதல் வேலை, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

கணக்குத் தாள் 100 மார்க், பாஸ் 35. ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் தலா 14 கொடுத்துப் பத்துப் பத்து எழுதச் சொல்வார்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கட்டாயம். கடைசியில் எட்டு மார்க் கேள்விகள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு.

திணறும் பிள்ளைக்குக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒத்த முக்கோணம், தொடுகோடு வரைவதற்கும், வரைபடத்துக்கும் படிகள் மாறுவதில்லை; கை பழகிவிட்டால் 16 மார்க். கவராயமும் கூராக்கிய பென்சிலும் வைத்துத் தினமும் ஒன்று வரையட்டும். படம் வரைவது பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்யும், ஒரு முழுப் பக்கத்தைத் தானே முடித்த திருப்தியும் கிடைக்கும். அதோடு புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகள். வெறுமனே எழுத்தை மனப்பாடம் செய்யாமல், ஏன் அந்த விடை என்று ஒரு வரி தெரிந்துகொண்டு படித்தால் எண்ணை மாற்றிக் கேட்டாலும் தப்பிக்கலாம். இவை இரண்டும் சேர்ந்து 30. மீதிக்குக் கார்ட்டீசியன் பெருக்கல், கூட்டுத்தொடர் வரிசை, நிகழ்தகவு ஆகியவற்றில் எளிய இரண்டு மார்க் கேள்விகள். இந்தக் கூட்டலைப் பிள்ளையையே தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100 மார்க் என்று மலைத்திருந்த பிள்ளை, "இவ்ளோதானா?" என்று கேட்கும்.

பரீட்சையில் தாளை வாசிக்க முதலில் பத்து நிமிடம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தெரிந்த கேள்விகளைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து எழுதத் தொடங்குவதை வீட்டிலேயே பழக்குங்கள். பழைய கேள்வித்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம். வீட்டில் ஒரு தடவையாவது அப்படி உட்காராத பிள்ளைக்கு, தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

மாதத் தேர்வு மார்க் குறைந்து வந்தால் தாளைக் கேட்டு வாங்கி, போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் கவனக்குறைவில் போனது, நேரம் போதாமல் போனது. "தெரியாம போனது எட்டு மார்க்தான்" என்று பிள்ளை கண்டுபிடித்தால் அழுகை பாதி நின்றுவிடும்.

பெற்றோரிடம் சொல்வதும், டியூஷனால் முடியாததும்

வாரம் ஒரு வாட்ஸ்அப் போதும். "இந்த வாரம் குறை எண் கூட்டல் கழித்தல் முடிஞ்சுது. வீட்டுல அஞ்சு கணக்கு குடுத்திருக்கேன். நீங்க சரி பாக்க வேணாம், உக்காந்து போடுறானான்னு மட்டும் பாருங்க." புகாரைப் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு வாசலில் சொல்லாதீர்கள். நல்லதைச் சொல்லும்போது மட்டும் பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும்.

எவ்வளவு பொறுமையாக நடத்தினாலும் நகராத பிள்ளைகள் உண்டு. போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிறது என்றால் முதலில் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டதும் 'மக்கு' பட்டம் மறைந்த பிள்ளைகள் உண்டு. வாய்ப் பேச்சில் தெளிவாக இருந்துகொண்டு, எழுத்தையும் எண்ணையும் தொடர்ந்து இடம் மாற்றிப் படித்து, வாசிக்க மிகவும் திணறினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். நீங்களே பெயர் சூட்டிவிடாமல், பள்ளியிலும் மருத்துவரிடமும் பேசச் சொல்லுங்கள். சான்று பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417இல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்ளும், உடம்பில் காயத்தோடு வரும், யாரையோ பார்த்து மிரளும் பிள்ளையைக் கண்டால் கணக்கை மூடி வைத்துவிட்டு விஷயத்தைக் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம்.

நிறுத்தும்போது

வேலை கிடைத்தோ கல்யாணமாகியோ ஊர் மாறியோ நீங்கள் நிறுத்த வேண்டி வரும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், தன்னால்தான் அக்கா வரவில்லை, அண்ணன் வரவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் முன்பே காரணத்தைப் பிள்ளையிடமே சொல்லுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், அடுத்து வருகிறவருக்காக, எது எது முடிந்தது, எது பாக்கி, எந்த விளக்கம் இந்தப் பிள்ளைக்குச் சட்டென்று ஏறியது என்று எழுதி வையுங்கள். முதல் நாள் போடச் சொன்ன அந்தப் பத்துப் பன்னிரண்டு கணக்குத் தாளையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். புதிதாக வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.